ஸ்டார்ட் பட்டன் இல்லாத ஜாய்ஸ்டிக்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு முழுப்பரீட்சை லீவில் எங்கள் வீட்டுக்கு டி.வி. கேம் வந்தது. அம்மா சீட்டு கட்டி எடுத்த பணத்தில் வாங்கியது. சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் நிறக் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக். முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சாப்பாட்டுத் தட்டில் முதல் முட்டை யாருக்குப் போகும் என்பதைப் போல அது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

இரண்டு நாள் விளையாடிய பிறகுதான் கவனித்தேன். அண்ணன் கையில் இருந்ததில் நடுவில் இரண்டு சின்னப் பட்டன்கள் இருந்தன, ஸ்டார்ட் ஒன்று, செலக்ட் ஒன்று. என்னுடையதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. எந்த விளையாட்டு என்று தேர்ந்தெடுப்பது, ஆரம்பிப்பது, நடுவில் நிறுத்துவது எல்லாம் அவன் கையில். நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோக வேண்டுமென்றாலும் அவனிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். "என்னதுல ஏன் இல்ல?" என்று கேட்டபோது, "ரெண்டாவது ஆளுக்கு எதுக்குடி ஸ்டார்ட்?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பெட்டியே அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நகல் என்பது பின்னாளில் தெரிந்தது. அதன் மூலம், ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம். அதன் இரண்டாவது கன்ட்ரோலரிலும் ஸ்டார்ட், செலக்ட் கிடையாது. பெண்களை ஓரங்கட்ட வேண்டும் என்று நினைத்து யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். இயந்திரம் 'இரண்டாவது ஆள்' என்று ஓர் இடத்தை மட்டும் வைத்தது. அந்த இடத்தில் யாரை உட்காரவைப்பது என்பதை வீடு முடிவு செய்தது.

வீட்டுக் கேம் இயந்திரங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மொட்டை இடம் நினைவுக்கு வரும். அந்த வரலாறு தந்தைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. டி.வி.யோடு இணைத்து விளையாடும் முதல் இயந்திரமான மேக்னவாக்ஸ் ஒடிசி 1972-ல் வெளிவந்தது. அதற்கு மூலமாக இருந்த ரால்ஃப் பேயரை 'வீடியோ கேமின் தந்தை' என்கிறார்கள். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லா இயந்திரத்துக்கும் தந்தை மட்டுமே இருப்பது எப்படி? பெட்டியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்ப்போம்.

ஒரு மகள்

1976. ஜாய்ஸ் வைஸ்பெக்கர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவி, ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் சில விளையாட்டுகளை எழுதுகிறார். அவருடைய தந்தை ஜோசப் வைஸ்பெக்கர் அந்த நிறுவனத்தின் பொறியாளர், அதன் 1802 நுண்செயலிக்குப் பின்னால் இருந்தவர். அந்தச் செயலியைக் கொண்டு ஆர்.சி.ஏ. தயாரித்த ஸ்டுடியோ 2 என்ற வீட்டுக் கேம் பெட்டி 1977 ஜனவரியில் கடைக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஜாய்ஸ்டிக் கிடையாது. பெட்டியிலேயே பதித்த, பத்துப் பத்து எண்கள் கொண்ட இரண்டு விசைத்தொகுதிகள். நினைவகம் 512 பைட். இன்று நம் கைப்பேசியில் 'க' என்ற ஒரே எழுத்தைச் சேமிக்கவே 3 பைட் ஆகிறது என்றால், அந்த இடம் எவ்வளவு நெருக்கடியானது என்று புரியும். அந்த நெருக்கடிக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு வினாடி வினாவையும், இருவர் விளையாடும் ஒரு கார் பந்தயத்தையும் ஜாய்ஸ் எழுதினார்.

வண்ணப் படம் காட்டும் போட்டி இயந்திரங்கள் வந்ததும் ஸ்டுடியோ 2 தோற்றுப்போனது. அதோடு ஜாய்ஸின் பெயரும் மறைந்தது. வணிக ரீதியாக வீடியோ கேம் எழுதிய முதல் பெண்களில் ஒருவர் அவர் என்பது 2017-ல் வெளியான ஒரு நேர்காணலுக்குப் பிறகே பரவலாகத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய வீட்டிலேயே கணிப்பொறி இருந்தது. தொட்டுப் பார், என்ன செய்யும் என்று பார் என்று சொல்லும் அப்பா இருந்தார். திறமை எத்தனையோ பெண்களுக்கு இருந்திருக்கும். இயந்திரம் இருந்த அறையின் சாவி இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடம்.

ஓடும் கோட்டின் பின்னால்

அப்பாவின் வழியாக இல்லாமல் நிறுவனத்தின் வாசல் வழியாகவே உள்ளே போனவர் கரோல் ஷா. பெர்க்லியில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்து முதுகலை முடித்த கையோடு 1978-ல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வேலை, முந்தைய ஆண்டு வெளிவந்திருந்த அட்டாரி 2600 என்ற வீட்டு இயந்திரத்துக்கு விளையாட்டுகள் எழுதுவது.

அந்த வேலையின் கடினம் புரிய வேண்டுமானால் இயந்திரத்தின் உள்ளே போக வேண்டும். 2600-ன் தற்காலிக நினைவகம் 128 பைட். மேலே சொன்ன கணக்கில் நாற்பத்திரண்டு 'க' எழுதலாம், அதற்கு மேல் இடமில்லை. ஒரு முழுத் திரையின் படத்தை எங்கேயும் சேமித்து வைக்க முடியாது. பழைய டி.வி.க்குள் மின்கற்றை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு கோடாக, மேலிருந்து கீழாக ஓடிப் படத்தை வரைகிறது. அமெரிக்க டி.வி.யில் இது நொடிக்கு 60 முறை நடக்கிறது. 2600-ன் பட சிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு கோட்டைப் பற்றி மட்டுமே தெரியும். ஒரு கோடு முடிவதற்குள் செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள். அதற்குள் அடுத்த கோட்டில் என்ன நிறம், எந்த இடத்தில் விமானம், எங்கே கரை என்று சொல்லியாக வேண்டும். கோலம் போடுகிறவரின் கை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று அடுத்த புள்ளி எங்கே என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வருவது போன்ற வேலை. ஒரு புள்ளி தவறினால் கோலம் கலைந்துவிடும்.

இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவரிடம்தான் அட்டாரியின் தலைவர் ரே கசார் வந்து, ஒரு பெண் வடிவமைப்பாளர் கிடைத்துவிட்டார், இனி வண்ணப் பொருத்தம், வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் கேம் செய்யலாம் என்ற பொருளில் பேசினார். இதைக் கரோல் ஷாவே பின்னாளைய நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் வண்ணப் பொருத்தம் செய்யவில்லை. நான்கு அடுக்குகளில் விளையாடும் முப்பரிமாண டிக்-டாக்-டோ செய்தார், கணிப்பொறியே எதிரே உட்கார்ந்து ஆடும் செக்கர்ஸ் செய்தார். இரண்டுமே அந்தக் குட்டி இயந்திரத்தை யோசிக்கவைக்கும் வேலைகள்.

1982-ல் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் அவர் உருவாக்கியது 'ரிவர் ரெய்ட்'. ஆற்றின் மேலே பறக்கும் விமானம். ஆறு விரியும், குறுகும், தீவுகளாகப் பிரியும், நீண்டுகொண்டே போகும். ஆனால் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 4,096 பைட். அவ்வளவு நீள ஆற்றின் வரைபடத்தை அதில் அடைக்க முடியாது. கரோல் ஆற்றைச் சேமிக்கவில்லை, ஆற்றை உண்டாக்கும் கணக்கைச் சேமித்தார். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்தது என்று தாறுமாறாகத் தோன்றும் எண் வரிசை ஒன்று உருவாகும். அந்த எண்கள் கரையின் வளைவையும் எதிரிகளின் இடத்தையும் தீர்மானிக்கும். தொடங்கும் எண் எப்போதும் ஒன்றே என்பதால் ஒவ்வொரு முறையும் அதே ஆறு பிறக்கும். விளையாடுகிறவர் வளைவுகளைப் பழகிக்கொள்ளலாம். சின்னப் பாத்திரத்தில் பெரிய குடும்பத்துக்குச் சமைக்கும் இந்தச் சாமர்த்தியத்தை இன்றும் கணினி மாணவர்கள் வியந்து படிக்கிறார்கள்.

அந்த விளையாட்டில் கரோல் ஷாவின் பெயரும் அச்சாகியிருந்தது. இதற்குப் பின்னால் ஓர் உழைப்பாளர் சண்டை இருக்கிறது. விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரை அட்டாரி பெட்டியில் போடாது. பெயரும் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை என்று கசந்துபோய் வெளியேறிய நான்கு ஆண் நிரலாளர்களைக் கொண்டு 1979-ல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். உருவாக்கியவரை ஊருக்குச் சொல்வது அதன் வழக்கமானது. அந்த நால்வர் திறந்த கதவு வழியே ஒரு பெண்ணின் பெயரும் வெளியே தெரிந்தது. பெயர் போடும் உரிமை என்பது வெறும் புகழாசை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்: கரோல் ஷாவுக்கு 2017-ல் ஒரு பெரிய விருது மேடையில் மரியாதை செய்ய முடிந்ததற்கு, அவர் பெயர் அச்சில் இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

பெயர் ஒழுங்காகப் பதிவாகாவிட்டால் என்ன ஆகும்? அதே 1982-ல், அதே 2600 இயந்திரத்துக்கு, டெக்சாஸில் இருந்த கேம்ஸ் பை அப்பல்லோ என்ற சிறு நிறுவனம் 'வேபிட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கேரட் தோட்டத்தைத் தின்னவரும் முயல்களை அழுகிய முட்டை எறிந்து விரட்டும் பில்லி சூ என்ற சிறுமிதான் அதன் நாயகி. வீட்டு இயந்திரங்களில் பெயரோடு வந்த முதல் பெண் பாத்திரங்களில் ஒருத்தி. எழுதியவர் வியட்நாமில் பிறந்த ஒரு பெண். நிறுவனம் திவாலானது. அவர் பெயர் 'பான் டிரான்' என்று தவறாகவே பல பத்தாண்டுகள் வலம்வந்தது. அந்தப் பெயரில் தேடினால் ஆள் கிடைப்பாரா? வரலாற்று ஆர்வலர்கள் பழைய ஆவணங்களைத் துழாவி அவரை அடைந்து, பெயரின் முதல் எழுத்து 'வா' என்று திருத்தவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

சாலிடர் வாசனை

இதுவரை பார்த்தவர்கள் நிரல் எழுதியவர்கள். அந்த நிரல் ஓடும் சிப்பைச் செய்தவர்கள் யார்?

மாற்றிப் போடக்கூடிய கேசட்டை வீட்டு விளையாட்டுக்குக் கொண்டுவந்த முதல் இயந்திரம், 1976 நவம்பரில் வந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப். அதன் பின்னணியில் இருந்த ஜெர்ரி லாசன் ஒரு கறுப்பினப் பொறியாளர்; அவருக்கே உரிய அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. ஃபேர்சைல்ட் அடிப்படையில் ஒரு சிப் நிறுவனம். 1965 முதல் 1975 வரை நியூ மெக்சிகோவில் நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில் அதன் ஆலை இயங்கியது. உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நவாஹோ மக்கள் அங்கே வேலை செய்தனர். பெரும்பாலோர் பெண்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து இணைக்கும் வேலை.

1969-ல் புதிய கட்டடம் திறந்தபோது நிறுவனம் வெளியிட்ட மலரில் நவாஹோ பெண்கள் நெய்யும் கம்பளத்தின் படமும் சிப்பின் படமும் ஒப்பிட்டுக் காட்டப்பட்டன. நெசவு இவர்கள் ரத்தத்தில் ஊறியது, ஆகவே சிப்பும் இவர்கள் கைக்கு இயல்பாக வரும் என்பது சாரம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 'இயல்பாக வரும்' என்று சொல்லிவிட்டால் அது கற்ற திறமை ஆகாது. திறமை இல்லையென்றால் திறமைக்கான கூலியும் தேவையில்லை. நம் வீடுகளில் 'பொம்பளைங்களுக்குச் சமையல் தானா வரும்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. 1975-ல் ஆட்குறைப்பு வந்தது. அமெரிக்க இந்திய இயக்கத்தினர் ஆலையைக் கைப்பற்றி ஒரு வாரம் போல உள்ளேயே இருந்தனர். நிறுவனம் ஆலையை ஒரேயடியாக மூடியது. கம்பளத்தைப் புகழ்ந்த வாய் அதன்பின் திறக்கவில்லை.

ஷிப்ராக்கின் சிப்புகள் சேனல் எஃப் பெட்டிக்குள் போகவில்லை. அதற்குள் ஆலை மூடிவிட்டது. ஆனால் அந்த வாதம் மூடவில்லை. அமெரிக்காவில் செய்த சிலிக்கான் தகடுகளை ஆசியாவுக்கு அனுப்பி, கம்பி இணைத்து, மூடி, சோதித்துத் திரும்ப வாங்குவது அந்தத் துறையின் வழக்கமானது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் 1972-ல் தொடங்கியது. கிழக்கத்தியப் பெண்ணின் சின்னக் கைகள் வேகமானவை, பொறுமையானவை என்று மலேசிய அரசே முதலீட்டாளர்களை அழைத்தது. மலாய், சீனப் பெண்களோடு தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் அந்த உருப்பெருக்கிகளின் முன் உட்கார்ந்தார்கள். பாட்டி பால்மரம் வெட்டினாள், பேத்தி சிப்பில் கம்பி பதித்தாள்; இரண்டையும் 'கைத்திறன்' என்றே சொன்னார்கள். சிலாங்கூர் ஆலைகளில் மலாய்ப் பெண்கள் வேலைக்கு நடுவே பேய் பிடித்து அலறியதைப் பற்றி மானுடவியலாளர் ஐவா ஓங் 1987-ல் ஒரு புத்தகமே எழுதினார். கண்காணிப்பும் சலிப்பும் தாங்காத உடல் தனக்குத் தெரிந்த மொழியில் மறுப்பு சொன்னது.

கலிஃபோர்னியாவில் சிலிக்கான் வேலியின் பொருத்தும் மேசைகளிலும் பெரும்பாலோர் பெண்களே. அவர்களில் பலர் ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள். 1983 பிப்ரவரியில் அட்டாரி தன் உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றப்போவதாக அறிவித்து, 1,700 பேரை வேலையிலிருந்து நீக்கியது.

அதே ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. அந்தச் சரிவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: விற்காமல் தேங்கிய கேசட்டுகளை அட்டாரி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014-ல் அந்த மேட்டைத் தோண்டி, கேசட்டுகளை எடுத்து, ஆவணப்படமும் எடுத்தார்கள். புதைத்த பிளாஸ்டிக்கைத் தேடி எடுத்த ஆர்வத்தில் ஒரு பங்காவது அந்த 1,700 பேர் பக்கம் திரும்பியிருக்கிறதா?

ஆண் பெயரில் ஒரு இசை

எங்கள் வீட்டு நகலின் மூலமான ஃபேமிகாமுக்குத் திரும்புவோம். அதன் ஒலிக்கு ஐந்தே தடங்கள்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவுசெய்த சிறு ஒலித்துணுக்குக்கு ஒன்று. இதற்குள் மெட்டு, பக்கமெட்டு, தாளம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். 1986-ல் கோனாமி நிறுவனத்தில், கல்லூரி முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கினுயோ யமாஷிதா அந்தக் கருவியில் 'கேசில்வேனியா' விளையாட்டுக்கு இசையமைத்தார். உடன் பங்களித்த சத்தோய் தெராஷிமாவும் பெண்தான். அந்த மெட்டுகளை இன்றும் இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. ஆனால் விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இசை என்ற இடத்தில் 'ஜேம்ஸ் பனானா' என்று இருக்கும். பழைய திகில் பட இசையமைப்பாளர் ஜேம்ஸ் பெர்னார்டைக் கேலிசெய்யும் பெயர். யமாஷிதா ஆண் பெயருக்குள், அதுவும் ஒரு நகைச்சுவைக்குள் மறைந்துபோனார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்களில் ஆண்களும் புனைபெயரில்தான் வந்தார்கள். சேகா நிறுவனத்தில் 'ஃபேன்டசி ஸ்டார்' விளையாட்டின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய ரியேகோ கோதாமாவும் 'பீனிக்ஸ் ரியே' ஆனார். ஆனால் முகமூடி எல்லோருக்கும் ஒரே விலையில் வருவதில்லை. பெயர் தெரியாத ஒரு பொறியாளரை, ஒரு இசையமைப்பாளரை உலகம் ஆண் என்றே நினைத்துக்கொள்ளும்.

தனக்கென்று ஒரு திரை

சரிவுக்குப் பிறகு, 1985-ல் நின்டெண்டோ அமெரிக்கக் கடைகளுக்குள் நுழைந்தது. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் பயந்த காலம். ஆகவே ஒரு ரோபோவையும் கூடச் சேர்த்து, பொம்மை என்ற முகத்தோடு வந்தது. பொம்மைக் கடைகளிலோ ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. இயந்திரம் ஆண் பிள்ளைகளின் வரிசையில் போய் உட்கார்ந்தது. விளம்பரங்களும் அந்த வரிசையைப் பார்த்தே பேசின. 1989-ல் வந்த கையடக்க இயந்திரத்துக்குப் பெயரே கேம் பாய்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. 1995-ல் நின்டெண்டோவின் அமெரிக்க நிறுவனம் சொன்ன கணக்கின்படி, டி.வி.யில் இணைக்கும் என்.இ.எஸ். விளையாடியவர்களில் பெண்கள் 29 சதவீதம், அடுத்து வந்த சூப்பர் என்.இ.எஸ்.-இல் 14 சதவீதம். பெயரிலேயே பையனை வைத்திருந்த கேம் பாயில் 46 சதவீதம்.

ஏன்? என் வாசிப்பு இது. கேம் பாய் விளையாடக் கூடத்து டி.வி. தேவையில்லை. அப்பா செய்தி பார்க்கும் நேரம், அண்ணன் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் நேரம் என்று காத்திருக்க வேண்டாம். போர்வைக்குள், பேருந்தில், மொட்டைமாடியில் விளையாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் ஸ்டார்ட் பட்டன் நம் கையிலேயே இருக்கும். பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த பொதுப்புத்திக்கு, நாலு பேட்டரியில் ஓடும் ஒரு சாம்பல் பெட்டி பதில் சொன்னது.

இதையெல்லாம் எழுதத் தொடங்கியபோது அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். அந்த டி.வி. கேம் ஞாபகம் இருக்கிறதா, எனக்கு எப்போதும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்தான் தந்தீர்கள், அதில் ஸ்டார்ட்டே கிடையாது என்று பழைய குறையைச் சொன்னேன். ஃபேமிகாமின் அசல் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட்டுக்குப் பதிலாக ஒரு மைக் இருந்ததாம், நம் வீட்டு நகலில் அதுவும் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "உனக்காவது ரெண்டாவது இருந்துச்சு. சீட்டுப் பணம் கட்டுனவ நான். ஒருநாளாவது இந்தாம்மா, நீயும் ஆடிப் பாருன்னு யாராவது குடுத்தீங்களா?" என்றார்.

கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அந்த லீவு முழுக்க அவர் அடுப்படியிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வரலாற்றில் எங்கள் பெயர் எங்கே என்று கேட்கும்போது, நமக்குப் பின்னால் ஜாய்ஸ்டிக்கே கிடைக்காமல் நின்றவர்கள் யார் யார் என்று திரும்பிப் பார்ப்பதும் அந்தக் கேள்வியின் பகுதிதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணன் மகளின் கன்சோலை அம்மா கையில் கொடுக்கப்போகிறேன். முதல் கன்ட்ரோலரை.